சார்ஜ் திருடன்

"நான் சொன்னதா இருக்க வேணாம் மொதலாளி..." என்று மூக்கால் ஆரம்பித்தார் கணக்கர்.

அவர் இப்படி ஆரம்பித்தால் யாரோ ஒருவரின் சோற்றில் மண் விழப் போகிறது என்று அர்த்தம்.

"இருய்யா!" என்று கையைக் காட்டிவிட்டு, லாரி முதலாளி போனில் யாரையோ கடித்துக் குதறிக்கொண்டிருந்தார். "எனக்கு லைன் சீக்கிரம் வந்தாகணும்! பகல்லயே வேலையப் பாருங்க. நாலு தெருவுல கரண்ட் போனா போகட்டுமே, விசிறிக்கிட்டு உக்காரட்டும்!"

போனை வைத்தார். "ம்... இப்ப சொல்லித் தொலை."

"நம்ம கரண்ட் லாரில சார்ஜ் களவு போகுது."

"என்னது?"

"தினம் மத்தியானம் வண்டி ஒரே தெருவுல போய் நிக்குது. நிக்கிற வண்டில சார்ஜ் மட்டும் சரசரன்னு இறங்குது. இதோ, போன்லயே காட்டுதே!"

முதலாளி பார்த்தார். கண் பிதுங்கியது.

டேங்க்கில் டியூபை விட்டு டீசல் உறிஞ்சிய டிரைவர்களை அவர் பார்த்திருக்கிறார். வாய் நிறைய டீசல் நாற்றத்தோடு 'அம்மா சத்தியமா நான் இல்ல மொதலாளி' என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறார். ஆனால் கரண்ட்டையுமா?

"அதை எப்படிய்யா உறிஞ்சுவான்? டியூப் போட்டா?"

"ஒயர் போட்டு மொதலாளி. வண்டி விலாவுலயே கம்பெனிக்காரன் பிளக் பாயின்ட் வெச்சிருக்கானே."

"ஓட்டுறது யாரு?"

"நம்ம கிளட்ச்."

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளட்ச்சா! கரண்ட் லாரியில் கிளட்ச்சே கிடையாது. ஆனாலும் பழைய பழக்கத்தில் இடது காலால் வெறும் தரையை மிதி மிதியென்று மிதிக்கும் அந்த அப்பிராணியா?

"அண்ணன் காலத்து ஆளாச்சேன்னு வெச்சிருந்தேன் பாரு, என் புத்திய எதால அடிக்கிறது!"

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கம்பெனிதான் அது. கரண்ட் லாரி வாங்கலாம் என்று தம்பி சொன்ன அன்று, "அது வண்டியாடா? சாவி குடுத்தா ஓடுற பொம்மை!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் பொம்மை முன்னாடி நீயே ஒருநாள் கைகட்டி நிப்பே!" என்று தம்பி கத்தினார். பங்கு பிரிந்தது. பேச்சு நின்றது. அண்ணன் இப்போது எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்றுகூடத் தம்பி விசாரித்ததில்லை.

மத்தியானம் முதலாளி கணக்கரையும் ஏற்றிக்கொண்டு காரில் லாரியின் பின்னாலேயே போனார்.

ஒரு சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. அதன் விலாவிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு, சுவரேறி, ஒரு வீட்டு ஜன்னலுக்குள் போயிருந்தது. டிரைவர் படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"நான் சொன்னதா இருக்க வேணாம், கையும் களவுமா..."

"வாய மூடுய்யா!"

முதலாளி பாய்ந்த வேகத்தில் கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"டேய் கிளட்ச்! என் வண்டிக் கரண்ட்டுல எவ வீட்டுக்குடா ஏசி ஓட்டுற?"

டப்பா உருண்டது. "மொதலாளி! ஒயர்ல கை வெக்காதீங்க! கால்ல விழறேன் மொதலாளி, ஒரு நிமிஷம்..."

"நீ காலுல விழு, நான் கரண்ட்டைப் புடுங்குறேன்!"

புடுங்கிவிட்டார்.

வீட்டுக்குள் 'புஸ்... டக்... புஸ்... டக்...' என்று கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றது.

"ஐயோ! டிரைவர் தம்பி! மெஷின் நின்னுடுச்சுப்பா! மூச்சு இழுக்குதே!"

பிளக்கும் கையுமாக முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்தக் குரல்! 'இன்னும் ஒரு வாய் வெச்சுக்கோப்பா' என்று கெஞ்சிக் கெஞ்சி அவருக்குப் பரிமாறிய குரல்.

அண்ணி.

டிரைவர் அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, பிளக்கைப் பறித்துச் செருகினார்.

புஸ்... டக்... புஸ்... டக்...

சுவரைப் பிடித்துக்கொண்டு முதலாளி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலில் எலும்பும் தோலுமாக அண்ணன். மூக்கில் குழாய். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின்.

"நுரையீரல் போச்சு மொதலாளி" என்று கிசுகிசுத்தார் டிரைவர். "அத்தனை வருஷம் ஷெட்டுல குடிச்ச டீசல் புகை. மெஷின் ஓடினாத்தான் மூச்சு. இப்பல்லாம் இந்தத் தெருவுல மத்தியானம் கரண்ட்டே இருக்கறதில்ல. அதான், என் சாப்பாட்டு நேரத்துல..."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

பதில் உள்ளேயிருந்து வந்தது. காற்று இறங்கிய டயர் மாதிரி ஒரு குரல்.

"டேய் டிரைவரு... பொம்மை வண்டி நின்னுபோச்சாடா? ஓடுதில்ல... சரி. தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத. சிரிப்பான்."

தம்பி சிரிக்கவில்லை. முகம் கோணியது. அழுகை வர வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"எவன்டா அவன்? பட்டப்பகல்ல ஒரு தெருவுக்கே கரண்ட்டைப் புடுங்குற திருட்டுப்பய எவன்? ஆளைக் காட்டு, தோலை உரிச்சுடறேன்!"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய இடது கால் மட்டும் தரையை ஒருமுறை மிதித்தது.

காருக்குப் பின்னாலிருந்து கணக்கரின் மூக்குக்குரல் மெல்லக் கேட்டது.

"நான் சொன்னதா இருக்க வேணாம் மொதலாளி... நம்ம ஷெட்டு சார்ஜருக்குத்தான் இந்த வழியா லைன் இழுக்கறாங்க."