ஒரு வாசலில் மட்டும் பனி

உயர்பள்ளியை முடித்து வெளியேற வேண்டுமென்றால் சமூக சேவை மணித்தியாலங்கள் காட்ட வேண்டும். அதற்காகத் தர்மிகா அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில், தனியே இருக்கும் திரேசா அன்ரியின் வாசல் பாதையில் பனி தள்ளினாள். தன்னுடையதைத் தவிர வேறு காலடித் தடத்தை அவள் அங்கே கண்டதில்லை. அன்ரி யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் தேத்தண்ணி தருவார்.

மணித்தியாலங்கள் நிறைந்த அன்று, தர்மிகா குடித்துவிட்டு நீட்டிய வெறும் கோப்பையை அன்ரி வாங்காமல் நின்றார்.

"அப்ப இனி வரமாட்டாய், என்ன?"

"ஸ்னோ கொட்டினா வாறன், அன்ரி." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தக் கிழமை முழுக்கப் பனியே கொட்டவில்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போகும் வழியில் பார்த்தாள். தெருவில் எல்லா வாசல்களும் காய்ந்து கிடந்தன. அன்ரியின் பாதை மட்டும் வெள்ளையாக இருந்தது. கிட்டப் போனாள். வாளியைக் கவிழ்த்த அச்சுக் குலையாமல், வட்டம் வட்டமாகக் குவியல்கள். சிந்திய பனி வீட்டைச் சுற்றி, பழைய பனி இன்னும் உருகாமல் கிடந்த பின்வளவு வரை கோடாகப் போயிருந்தது.

கதவு திறந்தது. அன்ரியின் விரல்கள் கன்றிச் சிவந்திருந்தன.

"பாத்தியே பிள்ளை, இரவு எங்கட வாசல்ல மட்டும் கொட்டிப்போட்டுது."

பஸ் வந்து நின்று, போய்விட்டது. சுவரில் சாய்த்திருந்த, பனி தள்ளுகிற சவளைத் தர்மிகா எடுத்தாள்.

"ஓம் அன்ரி. நல்லாத்தான் கொட்டியிருக்கு."

வழக்கமாகத் தெருவோரம் எறிகிற பனியை அன்று பின்வளவுக்கே கொண்டுபோனாள். அங்கே அடுத்த சனிக்கிழமை வரை உருகாமல் கிடக்க, வெயில் படாத மூலையாகப் பார்த்துக் கொட்டினாள்.