பிணவாசல்

அந்த மலையுச்சி ஊரில் ஒவ்வொரு கல்வீட்டுக்கும் இரண்டு வாசல்கள். அகலமானது உயிரோடு இருப்பவர்களுக்கு, ஒடுங்கியது பிணத்துக்கு மட்டும். சவப்பெட்டி வெளியேறியதும் கொத்தனார் அந்த வாசலைச் செங்கல்லால் அடைத்து, கடைசிக் கல்லில் இறந்தவரின் பெயரை ஆணியால் கீறுவார். போன உயிர் திரும்பிவரக் கூடாதாம்.

நிலநடுக்கத்தில் கிழவி எர்சிலியாவின் பெரிய வாசல் இடிபாட்டில் புதைந்துபோனது. ஜன்னல்களுக்குக் கீழே பாதாளம். கொத்தனார் உபால்தோ, அவள் கணவனுக்காகத் தானே அடைத்த பிணவாசலை உடைத்தார்.

"வாங்கம்மா, கூரை இறங்குது."

"அந்த வழியா யாரும் நடந்து வந்ததில்லப்பா."

உத்திரம் முறிந்தது. உபால்தோ உள்ளே பாய்ந்து அவளைத் தோளில் தூக்கிவந்து தெருவில் இறக்கினார். கூடியிருந்த அண்டைவீட்டார் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. சவப்பெட்டி கடந்துபோகும்போது செய்வதுபோல ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அதிர்வு அடங்கியதும் எர்சிலியா சிதறிய செங்கற்களைப் பொறுக்கி உபால்தோவிடம் நீட்டினாள். அவர் வாங்கி வாங்கி வாசலில் அடுக்கிக்கொண்டே போனார். கடைசிக் கல் அமர்ந்ததும் ஆணியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் கை எழவில்லை.

"எழுதுப்பா," என்றாள். "எல்லாரும் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்கல்ல."