ஒன்பது பேர், ஒரே வரி

"இடது தோள் வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. மத்ததை இவங்க கேட்டு எழுதிக்குவாங்க" என்றாள் தாஹிரா.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் பொன்னழகு என்று கூப்பிடும் துப்புரவுக்காரி, மாப்புக் குச்சியை அறை வாசலில் சாத்திவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

எதிரே ஒன்பது பேர். பிசியோதெரபிக்காரர்கள், எக்ஸ்ரே எடுப்பவர், காது சோதிக்கிற பெண், உணவு ஆலோசகர் ஜீவிதா. நோயாளியிடம் கண்டதை இனி ஆளுக்கொரு சொல்லில் எழுதக் கூடாது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான பட்டியலில் இருந்து ஒரே சொல்லை எடுத்துக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்குத்தான் இரண்டு நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவள் தாஹிரா.

பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டியிருந்தது. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அகப்பட்டாள்.

நடிப்பதில் பொன்னழகுக்குக் கஷ்டமே இல்லை. மூன்று மாதமாக நடித்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

கோளாறு தோளில் இல்லை. இடது பக்கமே இல்லை. வலது கைக்குத்தான் பிடிமானம் போய்க்கொண்டிருந்தது. ஈரத் துணியை இப்போதெல்லாம் இடது கைதான் முறுக்குகிறது. வலது கை ஒப்புக்குக் கூடப் போய் வரும்.

போன மாதம் கூட வேலை பார்த்த ஒருத்தி கை நழுவி வாளியைப் போட்டுவிட்டாள். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ராயப்பராஜ் ஒரு சத்தம் போடவில்லை. மறுநாள் வருகைப் பதிவில் அவள் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை காகிதத்தில் எழுதச் சொன்னாள் தாஹிரா. பொன்னழகு இடது தோளைப் பிடித்துக்கொண்டு முனகிய முனகலில், எக்ஸ்ரே எடுப்பவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்பது காகிதத்தையும் வாங்கி உரக்கப் படித்தாள் தாஹிரா. ஒன்றில் தோள் பிடிப்பு. ஒன்றில் சதை இறுக்கம். ஒன்றில் நரம்புத் தளர்ச்சி. பிசியோதெரபி பார்க்கும் செம்பட்டிக்காரன் விக்னேஷ்குமார், மூட்டுத் தேய்மானம் என்று எழுதியிருந்தான். ஜீவிதா, கால்சியம் பத்தாது என்று.

"காலு ஒடிஞ்சு வந்தாலும் நீ கீரைதான் எழுதிக் குடுப்ப" என்றான் விக்னேஷ்குமார்.

"நீங்க மட்டும்? இருவது வயசுப் பிள்ளைக்கும் தேய்மானம்தான எழுதுறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னழகும் சிரித்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. இவ்வளவு படித்தவர்கள் ஒன்பது பேர் பார்த்தும், ஒருத்தர் கண்ணிலும் வலது கை படவில்லையே.

"ஒரே அக்கா, ஒரே தோளு, ஒம்பது வியாதி" என்றாள் தாஹிரா. "இந்தச் சீட்டோட மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனா அங்க உள்ள டாக்டரு எதை நம்புவாரு? இப்ப அக்கா சொல்றதை விட்ருங்க. கண்ணால பாக்குறதை மட்டும் பட்டியல்ல தேடுங்க. ரெண்டு பக்கமும் பாக்கணும். அக்கா, ரெண்டு கையையும் மேசை மேல மல்லாத்தி வைங்க."

பொன்னழகு வைத்தாள். வைக்காமல் என்ன செய்வாள்?

வலியை நடிக்கலாம். வலிக்கவில்லை என்றும் நடிக்கலாம். சதையை என்ன செய்வது?

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். இடது கட்டைவிரலுக்குக் கீழே சதை மேடாக இருந்தது. வலதில் அந்த மேடு இல்லை. வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.



தங்கள் இடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தட்டினார்கள். புரொஜெக்டர் வெளிச்சம் அடித்த முன் சுவரில் ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது. பொன்னழகுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒன்பது வரியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்பது தெரிந்தது. ஒரே நீளம். கடைசியில் ஒரே எண். காது சோதிக்கிற பெண்கூட அதையேதான் போட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ராயப்பராஜ் தலையை நீட்டினார். "என்ன அழகு, வேலையைப் போட்டுட்டு இங்க நாடகமா? மேடம், எங்க ஆளுக்கு என்ன எழுதியிருக்கு?"

தாஹிரா ஒரு தட்டுத் தட்டினாள். சுவர் வெள்ளையாகிப்போனது.

"இடது தோள் வலி சார். நல்லா நடிச்சாங்க. செத்த நேரத்துல அனுப்பிடுறேன்."

ஒன்பது பேரும் அவரவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராயப்பராஜின் செருப்புச் சத்தம் படியிறங்கியது.

தாஹிரா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நரம்பு அமுங்கிக் கெடக்குக்கா. இப்பவே பாத்தாக் கை தப்பிச்சுக்கும். இன்னும் விட்டாச் சோறு பிசையக்கூட வராது. இன்னைக்கே பதிஞ்சுருவோம், நாளைக்கு டாக்டர் பாப்பாரு. சூப்பர்வைசருக்கு ஒண்ணும் போகாது."

பெயர்க் கட்டத்தில் 'மாதிரி' என்று இருந்தது. விக்னேஷ்குமார் அதை அழித்தான். "பொன்னழகுதானக்கா? சாணார்பட்டி?" கேட்டுக்கொண்டே அடிக்க ஆரம்பித்தான்.

அவள் கதவைப் பார்த்தாள். ஜீவிதா எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"பொன்னழகு எந் தங்கச்சி, தம்பி. அது செத்துப் போயி நாலு வருசமாச்சு. எனக்கு வயசு கூட, சேத்துக்க மாட்டாகன்னு அது ஆதார் கார்டக் காட்டித்தான் நான் வேலைக்கு நிக்கிறேன்."

விக்னேஷ்குமாரின் விரல் அப்படியே நின்றது.

"அது பேருல எனக்கு வைத்தியம் பாத்துறாதீக. எம் பேரு வெள்ளத்தாயி."