மருந்து படாத மண்

ஆறு பிளாஸ்டிக் டம்ளர்களில் மூன்றில் பீன்ஸ் கன்றுகள் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. மற்ற மூன்றும் தளதளவென்று நின்றன.

"பாத்தியா? மருந்து இன்னும் மண்ணுலதான் இருக்கு. அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

கூலிக்குப் பிறர் வயல்களில் களைக்கொல்லி அடிப்பது அவர் தொழில். எங்கள் வயலில் அடித்தது போன வருடம் ஒரே ஒரு முறை, மக்காச்சோளத்துக்கு. இந்த வருடம் பீன்ஸ்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். விதைகூட வாங்கியாகிவிட்டது. சோளத்தை ஒன்றும் செய்யாத அந்த மருந்து பீன்ஸைக் கருக்கிவிடும்; மண்ணில் மிச்சமிருந்தால் விதையோடு பருவமும் போய்விடும்.

ஈரம் இருந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடுமாம். விவசாய அலுவலகத்துப் பெண் சொன்னாள். சந்தேகமிருந்தால் வயல் மண்ணில் மூன்று, மருந்தே படாத மண்ணில் மூன்று என்று விதைத்துப் பாருங்கள் என்றாள்.

மழை குறைந்த வருடம், அதுகளுக்கு எங்கே பசியெடுத்திருக்கப்போகிறது என்று இவர் நக்கலடித்தார்.

பந்தயம் கட்டாத குறைதான். பதினைந்து நாள் காத்திருந்தோம்.

நான் டம்ளர்களை எழுத்துப் பக்கம் தெரியும்படி திருப்பிவைத்தேன். மார்க்கர் பேனாவால் நானே எழுதியது. பச்சையாக நின்ற மூன்றிலும் 'வயல்' என்றிருந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. கருகிய மூன்றையும் கிட்டத்தில் எடுத்துப் பார்த்தார். இந்த மண்ணை எங்கே தோண்டினாய் என்று கேட்டார்.

"எதுக்குத் தோண்டணும்? பாப்பாதான் தினம் பின்பக்கக் குழாயடியில உக்காந்து வாளி வாளியா அள்ளுறாளே. அதைத்தான் கொட்டினேன்."

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அங்கே யாரும் மருந்து அடித்ததில்லை, உண்மைதான். ஆனால் தினம் வேலை முடிந்து வந்து அவர் மருந்து டேங்கைக் கழுவி ஊற்றுவது அங்கேதான்.



இரண்டு வயது மகள் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரல்களைப் பிரித்து நகக்கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

நான் அவள் வாயைத் திறந்து பார்த்தேன்.