குறுக்கே படுத்த பேனர்

ஓர் ஆன்லைன் துணிக்கடையில், சட்டைகள் பக்கத்தின் உச்சியில் தீபாவளி பேனர் கால்நீட்டிப் படுத்திருந்தது. பொங்கலே வந்துவிட்டது, ஒரு சட்டைகூடப் போகவில்லை. வந்தவர்கள் வந்த வேகத்திலேயே திரும்பினார்கள்.

பக்கத்துக்கு அழகு போதவில்லை என்று பேனர் தன் எழுத்தைப் பெரிதாக்கி, ராக்கெட்டும் விட்டுப் பார்த்தது. அப்புறமும் கடை ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஏம்ப்பா, உங்க துணி மட்டமோ?" என்று கீழே குனிந்து கேட்டது.

அடியில் காலர் மட்டும் தெரிந்த கட்டம்போட்ட சட்டை சொன்னது: "அண்ணே, நீங்க காலை மடக்கினாத்தானே எங்களை யாராவது பார்ப்பாங்க?"

பேனர் தலையில் அடித்துக்கொண்டது. "அடச்சே! குறுக்கே படுத்துக்கிட்டு ஊரைக் குறை சொன்ன மடையன் நான்தானா!"

மனசு கேட்கவில்லை. 'சட்டைகளை மறைத்ததற்கு வருந்துகிறோம்' என்று தன்மேல் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டது. அதற்கு இடம் வேண்டுமே? இன்னும் கொஞ்சம் கால்நீட்டியது.

காலரும் மறைந்தது.