ராசாத்தி அக்காவின் நாடி

பயிற்சி அறைக் கட்டிலில் கிடக்கும் ரப்பர் பொம்மைக்கு நர்சிங் பிள்ளைகள் வைத்த பெயர் ராசாத்தி அக்கா. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஜெசிந்தா அதன் மணிக்கட்டைப் பிடித்தபோது நாடி துடித்தது. போன தடவை அவள் தோற்றதே இதில்தான். கட்டைவிரலை வைத்து, அதில் ஓடும் தன் துடிப்பையே நோயாளியின் துடிப்பென்று எண்ணிச் சொல்லிவிட்டாள்.

“கட்டவிரல எடுடி,” என்றாள் தோழி குருவம்மாள். “பொம்மைக்கு உசுரு குடுக்காத.”

மூன்று விரல்களை வைத்தாள். ரப்பர் சும்மா கிடந்தது. பொழுது சாயும்வரை அந்த ஒன்றுமில்லாததையே தொட்டுத் தொட்டுப் பழகினாள்.

மறுநாள் தேர்வு வார்டில். கட்டிலில் ஒரு நடுவயதுக்காரர் கண்மூடிப் படுத்திருந்தார். முன்னால் போன குருவம்மாள் எழுபத்திரண்டு என்று சொல்லித் தேறிவிட்டாள். ஜெசிந்தா மூன்று விரல்களை வைத்தாள். ராசாத்தி அக்காவைத் தொட்ட மாதிரியே இருந்தது. இடம் மாற்றி வைத்தாள். கட்டைவிரல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது; உடனே படபடவென்று துடித்தது.

“பல்ஸ் எவ்வளவும்மா?” தேர்வாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜெசிந்தா கட்டைவிரலை எடுத்தாள்.

“கிடைக்கல மேடம்.”

தேர்வாளர் சலித்துக்கொண்டே வந்து மூன்று விரல்களை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். கழுத்தில் வைத்தார். பிறகு திரும்பவும் அந்த மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை வைத்தார்.