நான்காவது மிஷின்

"இதுலயும் ஓடலையே," என்றாள் இன்ஷிராஹ்.

கெய்ரோவில் பழைய கம்ப்யூட்டர் தேடுகிறவர்கள் கடைசியில் வஹ்பாவின் கடைக்குத்தான் வருவார்கள். அவள் கொண்டுவந்த பெயர் எழுதாத ஃபிளாப்பியை மூன்று மிஷின்களில் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்றிலும் கறுப்புத் திரைதான்.

"முப்பது வருஷத்துக்கு முந்தின சரக்கு மேடம். டிஸ்க் செத்திருக்கும்."

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. உங்க கடையில இருக்கிறதுதான் எல்லாம் காயலான் கடைச் சரக்கு."

வஹ்பாவுக்குச் சுருக்கென்றது. டீ கிளாஸை நகர்த்திவிட்டு, அலமாரி உச்சியிலிருந்து நான்காவதை இறக்கினார்.

"இதுல ஓடலேன்னா நான் கடையையே மூடிடறேன்."

ஃபிளாப்பி கரகரத்தது. மறுபடி கறுப்பு. இன்ஷிராஹ் அவர் கைகளையே பார்த்தாள்.

இரண்டு முறை 'பீப்' கேட்டது. அவர் கை தானாக நீண்டு டிஸ்க்கை உருவியது. திரும்பச் செருகி, கீபோர்டின் மூலையிலிருந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தியது. திரையில் அரபு எழுத்துகள் பளிச்சென்று விரிந்தன.

"பார்த்தீங்களா! இதையே கட்டிடட்டுமா?"

"மிஷின் வேணாம்." அவள் திரையைக் காட்டினாள். "இந்த டிஸ்க்குக்குப் போட்டிருக்கிற பூட்டைத் திறக்கிற வித்தை, இதைச் சேர்ந்து எழுதின என் அண்ணனுக்கும் அவனோட கூட்டாளிக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் கூட்டாளி, இப்படி ஒரு புரோகிராமைக் கண்ணாலயே பார்த்ததில்லைன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணினார். எழுதினது நாங்கதான்னு சொல்ல வேற ஆள் இல்லாம, இதை வேற எங்கேயோ திருடினான்னு என் அண்ணனை ஜெயில்ல போட்டாங்க."

வஹ்பாவின் விரல்கள் இன்னும் அந்த இரண்டு விசைகளின் மேலேயே இருந்தன.